அப்பாவின் கட்டம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ, அண்ணி, மிளகு மூவரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். உன் மகளுக்கு மிளகு என்று பெயர் வைத்தது நான்தான், ஆனால் எட்டு வயதிலேயே இவ்வளவு காரமாகப் பேசுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. போன வாரம் போனில், "அத்தை, நீங்க எப்பவும் பிஸின்னா எதுக்கு போன் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

போனிலேயே பேசலாமே என்று அண்ணி சொல்வார்கள். உனக்குப் போனில் "ம்", "சரி", "வச்சிடவா" என்ற மூன்றைத் தவிர வேறு வார்த்தை வராது. நான் ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்தே காகிதத்தில்தான் உனக்கு வாய் திறக்கும்.

இங்கே வேலை எப்போதும்போலத்தான். பரம்பரை இதய நோய்ப் பிரிவு என்று கதவில் பெரிய பலகை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே நடப்பதில் முக்கால்வாசி குடும்ப வம்பு. படபடப்பு என்று ஒருவர் வருவார். நான் அவருடைய நெஞ்சை விட்டுவிட்டுச் சித்தப்பாவைப் பற்றிக் கேட்பேன். "நோவு எனக்கு டாக்டர், சித்தப்பா எதுக்கு?" என்று முறைப்பார். நீள மேஜையில் காகிதத்தை விரித்து, ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு, இறந்திருந்தால் குறுக்கே ஒரு கோடு என்று மூன்று தலைமுறையை வரைவேன். எல்லாம் பென்சிலில்தான். முதல் தடவை வரும்போது எந்தக் குடும்பமும் முழு உண்மையைச் சொல்வதில்லை. "மாமா ஆக்சிடெண்ட்ல போயிட்டார்" என்பார்கள். அடுத்த தடவை, "வண்டி ஓட்டும்போதே மயங்கிட்டார் போலிருக்கு" என்று மெல்ல வரும். ரப்பரை எடுத்து அழித்துத் திருத்துவேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பா ஏரியில் போனபோது எனக்கு நாலு வயது. உனக்குப் பதினொன்று, நீதான் கூட இருந்தாய். பாசியில் வழுக்கி விழுந்தார் என்று எனக்குச் சொன்னீர்கள். ஏரியைக் குறுக்கே நீந்திக் கடக்கிற மனுஷர் கரையோரம் வழுக்கி முழுகிவிடுவாரா? அதற்கு முன்னால் எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறாரா? ஒரு கட்டுரைக்காகத்தான் கேட்கிறேன்.

பஸ்ஸை நிதானமாக ஓட்டு. ஜலதோஷத்துக்கு யாராவது மாத்திரை கொடுத்தால் என்னைக் கேட்காமல் போடாதே.

அன்புத் தங்கை


ஜனவரி 31

மாண்புமிகு இதய டாக்டரம்மாவுக்கு அண்ணன் எழுதிக்கொள்வது,

இங்கே மூவரும் நலம். உன் நலத்தை எழுது.

நீ மாத்திரைக்குத் தடை போட்டதால் போன வாரம் முழுக்கத் தும்மிக்கொண்டே பஸ் ஓட்டினேன். என் கண்டக்டரை உனக்குத் தெரியுமே, யார் கேட்டாலும் "சில்லறை இல்ல" என்பதால் சில்லறை என்றே பெயராகிப் போனவன். நான் தும்மும் ஒவ்வொரு தடவையும் விசில் கொடுத்தான். ஸ்டாப் வந்துவிட்டது என்று ஜனங்கள் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள். ஒரு அம்மா இறங்கியே போய்விட்டார்.

அப்பா விஷயம். பாசி இருந்தது, வழுக்கினார், அவ்வளவுதான். முப்பத்து நாலு வருஷம் கழித்து அதை எதற்குக் கிளறுகிறாய்? கட்டுரைக்கு வேறு அப்பா கிடைக்கவில்லையா?

மூன்று வருஷமாக லீவு இல்லை என்கிறாய். உன் ஆஸ்பத்திரியில் நீ ஒருத்திதான் டாக்டரா? மிளகு உன் முகத்தை மறந்துவிடுவாள். ஒரு நடை வந்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
பதினேழாம் நம்பர் டிரைவர்


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தும்மல் நின்றதா? அண்ணியின் முதுகுவலி தேவலையா? கோபித்துக்கொள்ளாதே, கட்டுரை என்றது பொய்.

நேராகவே எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். சில குடும்பங்களில் அந்தக் கணம் கொஞ்சம் நீளம். ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார். நீந்தும்போதோ, ஓடும்போதோ, திடீரென்று பயந்தாலோ தாளம் தப்பிவிடும். மயக்கம் வரும். சில சமயம் மயக்கத்தோடு நிற்காது. தண்ணீரில் இருக்கும்போது அப்படி ஆனால், முழுகிவிட்டார் என்று எழுதி மூடிவிடுவார்கள். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அப்பாவுக்கு அது இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். நீ ஒரு ஈசிஜி எடுத்துக்கொள். பத்து நிமிஷ வேலை, சட்டையைக் கழற்றிப் படுத்தால் போதும். அந்தக் காகிதத்தை எனக்கு அனுப்பு. இருக்கிறது என்று தெரிந்தால் தினமும் போட மாத்திரை இருக்கிறது, பெரும்பாலானவர்களை அது காப்பாற்றிவிடும். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

லைசென்ஸ் போய்விடுமே என்று உனக்குத் தோன்றும். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் எடு. இந்த வாரமே எடு.

அன்புத் தங்கை


மார்ச் 14

என் அருமை நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடு. நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள், தப்பிருந்தால் பொறுத்துக்கொள். போனில் பேசினால் மிளகு ஒட்டுக்கேட்டு அவள் அப்பாவிடம் போட்டுக்கொடுத்துவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பிப்ரவரிக் கடிதத்தை உன் அண்ணன் என்னிடம் காட்டவில்லை. சட்டை துவைக்கும்போது பையில் அகப்பட்டது. ஈசிஜி எடுக்கவும் இல்லை. கேட்டால், "அவளுக்கு வேலையில்ல" என்கிறார்.

விஷயம் என்னவென்றால், போன மாசம் 24ஆம் தேதி டிப்போவில் விழுந்துவிட்டார். பஸ்ஸை நிறுத்தி இறங்கியிருக்கிறார், பின்னால் இன்னொரு வண்டி திடீரென்று ஹாரன் அடித்திருக்கிறது. அப்படியே சாய்ந்துவிட்டாராம். மெக்கானிக் தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெக்கானிக்கின் மனைவி மார்க்கெட்டில் சொல்லித்தான் எனக்கே தெரியும். நெற்றியில் காயம் எப்படி என்று கேட்டபோது, பஸ் கதவு இடித்தது என்று வாய் கூசாமல் சொன்னார்.

அதற்கு முன்னாலும் ஒரு தடவை, பஸ்ஸைப் பிடிக்க ஓடி, படியில் உட்கார்ந்துவிட்டாராம். பஸ் டிரைவரே பஸ்ஸுக்கு ஓடினால் சிரிப்பாகத்தான் இருக்கும், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தினமும் காலை அவர் கிளம்பினால் திரும்பி வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை. அவருக்குப் பின்னால் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எழுதியதாகச் சொல்லிவிடாதே.

உன் அண்ணி


மார்ச் 18

அண்ணா,

நெற்றிக் காயம் ஆறிவிட்டதா?

நாளைக்கே லீவு போடு. பஸ்ஸைத் தொடாதே, ஓடாதே, தண்ணீரில் இறங்காதே. நீ ஏரிப் பக்கமே போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். ரயிலேறி இங்கே வா, நானே பார்க்கிறேன். வர முடியாவிட்டால் அங்கேயே ஈசிஜி எடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கை


மார்ச் 29

தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம்.

உனக்கு ஒற்று வேலை பார்த்தது யார் என்று தெரியும். காய் வாங்கப் போனவள் வெறும் பையோடு திரும்பி வந்து, மார்க்கெட்டில் காயே இல்லை என்று சொன்ன அன்றே சந்தேகப்பட்டேன். அவளைத் திட்டவில்லை, பயப்படாதே.

அன்று காலையில் சாப்பிடவில்லை, மயக்கம் வந்தது. பசிக்கு ஈசிஜி எடுப்பார்களா? அந்தக் காகிதத்தில் ஒரு கோடு கோணலாக வந்தால் அன்றோடு சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள். இருபத்து நாலு வருஷமாக எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். இந்த ஸ்டியரிங்தான் உன்னை டாக்டராக்கியது என்று சொல்லிக்காட்டவில்லை. சரி, சொல்லிக்காட்டிவிட்டேன்.

இன்னொன்று. உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். என் தும்மலைக் கேட்கிறாய், அண்ணி முதுகைக் கேட்கிறாய், என் நெற்றியைக் கேட்கிறாய். "இங்கே நான் நலம்" என்ற ஒரு வரி எதிலும் இல்லை. ஹாஸ்டலில் டைபாய்டு வந்து கிடந்தபோதுகூட "நான் நலம்" என்று புளுகியவள் நீ. பெட்டியைத் திறந்து பழைய கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷமாக அந்த வரி இல்லை. நீ வீட்டுக்கு வராததும் மூன்று வருஷம்.

அப்பா எனக்கு மட்டும் அப்பா இல்லையே. நீ ஈசிஜி எடுத்தாயா?

அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணா,

எடுத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் பிரிவுக்குப் புது ஈசிஜி மெஷின் வந்தது. சரியாக வேலை செய்கிறதா என்று ஆட்களை வைத்துப் பார்ப்போம். அன்று மதியம் நோயாளிகள் இல்லை. "டாக்டர், நீங்க படுங்க, உங்க மனசுல யார் இருக்காங்கன்னு பாக்கலாம்" என்று டெக்னீஷியன் பெண் கேலி செய்தாள். படுத்தேன். காகிதம் வெளியே வந்தது. அவள் சிரித்துக்கொண்டே கிழித்துக் கொடுத்தாள். நான் பார்த்துவிட்டு, மெஷின் சரியில்லை என்று சொல்லிக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது. ரத்தத்தையும் அனுப்பிப் பார்த்தேன், அதுவும் அதையே சொன்னது. அன்றிலிருந்து மாத்திரை போடுகிறேன்.

எங்கள் பிரிவில் ஒரு முறை உண்டு. நோய் உறுதியானால், அந்த ஆளேதான் தன் சொந்தக்காரர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நாங்கள் நேராகப் போய்ச் சொல்லக் கூடாது. அதற்காக ஒரு பக்கக் கடிதம் அச்சடித்து வைத்திருக்கிறோம். "உங்கள் உறவினர் ஒருவருக்குப் பரம்பரை இதய நோய் இருப்பது தெரியவந்துள்ளது. இது உங்களுக்கும் இருக்கக்கூடும்" என்று தொடங்கும். எழுதியது நான். கொடுக்கத் தயங்குகிறவர்களை மிரட்டுவதும் நான். போன வருஷம் ஒருவர், தம்பி மனசு கஷ்டப்படும் என்று அந்தக் கடிதத்தைக் கொடுக்காமல் எட்டு மாசம் மேஜைக்குள் வைத்திருந்தார். "உங்க தம்பி செத்தா அவருக்கு மனசு கஷ்டப்படாது" என்று அவர் மனைவி முன்னாலேயே சொன்னேன்.

உனக்கான கடிதம் மூன்று வருஷமாக என் மேஜைக்குள் இருக்கிறது.

அதைத் தபாலில் போட்டால் உன் பஸ் போய்விடும். பள்ளிக்கூடத்தை விட்டு நீ வேலைக்குப் போய்த்தான் நான் படித்தேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டே உன் சாவியைப் பிடுங்குவதா என்று நினைத்தேன். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளினேன். வீட்டுக்கு வந்தால் உன் முகத்தைப் பார்த்து உளறிவிடுவேன் என்று வராமல் இருந்தேன். நம் குடும்பத்தையும் வரைந்து வைத்திருக்கிறேன். என் வட்டம் கறுப்பு. அப்பாவின் கட்டத்தில் குறுக்குக் கோடு மட்டும் போட்டு உள்ளே வெள்ளையாக விட்டிருந்தேன். அதைக் கறுப்பாக்கினால் உன்னுடையதையும் மிளகினுடையதையும் கேட்க வேண்டி வரும். அதனால்தான் கட்டுரை, அது இது என்று உன் வாயைப் பிடுங்கப் பார்த்தேன். நீயே சொன்னால் நான் சொன்னதாக ஆகாது என்று ஒரு கோழைத்தனம்.

என்னைத் திட்டு. ஆனால் ஈசிஜி எடு.

தங்கை


ஏப்ரல் 30

அண்ணா,

இருபத்தைந்து நாளாகப் பதில் இல்லை. அண்ணிக்குப் போன் செய்தேன். "இருக்கார், வேலைக்குப் போறார், பேச மாட்டேங்கிறார்" என்று மட்டும் சொன்னார்கள். வேலைக்குப் போகிறார் என்றதைக் கேட்டதும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். டிப்போவுக்கு நானே எழுதிவிடலாமா என்று இரண்டு தடவை காகிதத்தை எடுத்தேன். எழுதவில்லை. அடுத்த மாசமும் பதில் வராவிட்டால் எழுதிவிடுவேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

தங்கை


மே 21

தங்கைக்கு,

இங்கே நலமில்லை. அதையே முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று அதைச் சுக்குநூறாகக் கிழித்தேன். பிறகு உன் அண்ணி உட்கார்ந்து ஒட்டினாள். மூன்று வருஷம்! ஒரு நாளைக்கு எட்டு நடை, ஒரு நடைக்கு அறுபது பேர். அத்தனை பேரையும் என்னிடம் விட்டுவிட்டு நீ அங்கே மாத்திரை போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாய். அந்தக் கோபத்திலேயே வேண்டுமென்று பஸ் ஓட்டினேன். இந்த மாசம் 9ஆம் தேதி பாலத்துக்கு மேலே போகும்போது பின் சீட்டில் ஒரு பெண் வீலென்று கத்தினாள். ஏதோ விளையாட்டுக்குத்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. பாலத்தைத் தாண்டி ஓரங்கட்டி, "சில்லறை, எல்லாரையும் பின்னால வர்ற வண்டியில ஏத்தி விடு" என்றேன். "என்ன அண்ணே, வண்டி ரிப்பேரா?" என்றான். "டிரைவர் ரிப்பேர்" என்றேன். அன்றிலிருந்து லீவு.

அந்தக் கத்தல்தான் என்னை இதை எழுத வைக்கிறது. அம்மா சாகிறவரை அவளிடம்கூட நான் சொன்னதில்லை.

பாசி இல்லை. அப்பா வழுக்கவில்லை. அவர் கரையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் தண்ணீரில் இருந்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை என்று எனக்குக் கோபம். முழுகுகிற மாதிரி கையை ஆட்டி, "அப்பா! அப்பா!" என்று கத்தினேன். சட்டையோடு குதித்தார். பாதி தூரம் வந்தார். நான் எழுந்து நின்று சிரித்தேன், என் காலடியில் மேடு, இடுப்பளவுத் தண்ணீர்தான். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. முகம் அப்படியே தண்ணீருக்குள் போனது. அவர் பதிலுக்கு விளையாடுகிறார் என்று நினைத்து நான் எண்ணிக்கொண்டு நின்றேன். நாற்பதுவரை எண்ணினேன்.

ஆட்கள் ஓடிவந்து கேட்டபோது வழுக்கிட்டார் என்றேன். அதுவே நின்றுவிட்டது. உன்னைப் படிக்க வைத்தது பாசத்தால் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். பாசம் இருந்தது, ஆனால் அது மட்டும் இல்லை.

இப்போது நீ சொல். தங்கையாகச் சொல்லாதே, டாக்டராகச் சொல். நான் கத்தாமல் இருந்திருந்தால் அப்பா இருந்திருப்பாரா? பதில் வந்த பிறகு ஈசிஜி எடுக்கிறேன். அதுவரை எடுக்க மாட்டேன்.

அண்ணன்


மே 26

அண்ணா,

உன் கடிதத்தைப் பகல் இடைவேளையில் என் அறையில் வைத்துப் படித்தேன். அடுத்த குடும்பத்தை ஒரு மணி நேரம் காக்க வைத்துவிட்டேன்.

இல்லை, உன்னால் இல்லை என்று ஒரே வரியில் எழுதி அனுப்பலாம். நீ நம்ப மாட்டாய், நம்பவும் கூடாது. டாக்டராகக் கேட்டாய். பயம், குதித்தது, நீச்சல், இந்த மூன்றும் சேர்ந்துதான் அன்று அந்த இதயத்தைத் தடுமாற வைத்திருக்கும். நீ கத்தாமல் இருந்திருந்தால் அன்று மாலை அப்பா வீட்டுக்கு வந்திருப்பார். அதற்குப் பிறகு இன்னொரு நாள் தானாகவே நீந்தப் போய் நடந்திருக்கலாம், எண்பது வயதுவரை நடக்காமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. என் தொழிலில் யாருக்கும் தெரியாது.

தெரிந்ததைச் சொல்கிறேன். அப்பாவின் இதயத்தில் அப்படி ஒரு குறை இருப்பது அவருக்கே தெரியாது. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பதினொரு வயதுப் பையன் எல்லாப் பிள்ளைகளும் செய்வதைச் செய்தான். எத்தனை அப்பாக்கள் சட்டையோடு குதித்துவிட்டு, காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள்.

நான் முப்பத்தைந்து வயதில், எல்லாம் படித்து, எல்லாம் தெரிந்து, கையில் காகிதத்தோடு, மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. நீ விழுந்த அன்று எழுந்திருக்காமல் போயிருந்தால் அது விளையாட்டுக் கணக்கில் சேராது. முப்பத்து நாலு வருஷம் நீ சுமந்தாய். அதில் பாதியை இறக்கி வைக்கிற விஷயம் என் மேஜைக்குள் கிடந்தது, அதுவும் எனக்குத் தெரியாமல் போயிற்று. யார் யாரை மன்னிப்பது என்று எனக்குப் புரியவில்லை.

கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன். இப்போது போ. மிளகையும் கூட்டிக்கொண்டு போ.

தங்கை


ஜூன் 24

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே இருக்கிற நிலைமையை அப்படியே எழுதுகிறேன்.

உன் பதிலை நாலு தடவை படித்தேன். இல்லை என்று எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன், இந்தத் தடவை ஒட்டவும் விட்டிருக்க மாட்டேன். மறுநாளே போய் ஈசிஜி எடுத்தேன். எனக்கு இருக்கிறது. சாவியை நானே கொண்டுபோய் டிப்போ மேலாளர் மேஜையில் வைத்தேன். டைம் ஆபீஸில் உட்கார வைத்திருக்கிறார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுத வேண்டும். பதினேழாம் நம்பர் வெளியே போகும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறேன். சில்லறை வேண்டுமென்றே என் ஜன்னலுக்கு நேராக விசில் அடித்துவிட்டுப் போகிறான். மாத்திரை போடுவதால் மாடிப்படி ஏறினால் கால் கனக்கிறது, பழகிவிடும் என்கிறார்கள்.

உன் மேல் கோபம் இன்னும் போகவில்லை. மூன்று வருஷத்துக் கோபம் இரண்டு மாசத்தில் எப்படிப் போகும்? ஆனாலும் நீ வா. எதிரில் வைத்துத் திட்டினால்தான் எனக்குத் திருப்தி.

மிளகுக்கும் எடுத்தோம். டாக்டர் காகிதத்தை நீட்டியபோது மணி பதினொன்று. உனக்கு அனுப்பியிருக்கிறேன், பார். அவளுக்கும் இருக்கிறது. "அத்தை வந்து பக்குவமா சொல்லட்டும், கொழந்த பயந்துடும்" என்றாள் உன் அண்ணி. நானும் சரி என்றுதான் வாயெடுத்தேன். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு வாசலில் இருந்த பெஞ்சுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இதயத்தைச் சொன்னேன், மாத்திரையைச் சொன்னேன், ஓட்டப் பந்தயம் இனி டாக்டர் சரி என்றால்தான் என்பதையும் சொன்னேன். தாத்தாவைச் சொன்னேன். நான் கத்தியதைச் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "அத்தைக்கும் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"உங்களுக்கும்?"

"எனக்கும்."

"அப்ப அம்மாவுக்கு மட்டும்தான் இல்லையா? பாவம்ப்பா" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். உள்ளே போகிறவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்றே கால். காகிதம் கைக்கு வந்து கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

உன் அண்ணன்